பீர்க்கம்பூ விரிவதற்குள்

செஞ்சிக்கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் நெற்களஞ்சியத்துக்குள் நுழைந்ததும் ஒரு தடவை கையைத் தட்டிப் பார்ப்பார்கள். ஓசை வளைவுகளுக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். எந்த ராஜா கட்டினான், எத்தனை மூட்டை கொள்ளும் என்று பேசிக்கொண்டே வெளியே போய்விடுவார்கள். எனக்கு அந்த இடத்தில் துவரம்பருப்பும் பீர்க்கங்காயும் சேர்ந்து வேகிற வாசனைதான் வரும். ராஜா சாப்பிட்ட சோறு எப்படி இருந்ததோ, அங்கே நான் பொங்கிய சோற்றை நான் மறக்கவில்லை.

என் பெயர் அம்மாக்கண்ணு. பிறந்தது மரக்காணத்துக்கு மேற்கே, கழுவேலிக் கரையில். மழைத்தண்ணீரும் கடல்தண்ணீரும் கலந்து கண்ணுக்கெட்டிய மட்டும் கிடக்கும் காயல் அது. எங்கள் ஊரில் அடுப்பு வீட்டுக்கு வீடு இருந்தது, குழம்பு மட்டும் ஊருக்குப் பொது. எவன் வலையில் மீன் அதிகம் விழுந்ததோ அவன் வீட்டுச் சட்டி அன்றைக்குத் தெரு முழுக்கப் போய்வரும். தண்ணீர் ஏறி நாங்கள் மேட்டுக்குப் போய்விட்டால் எல்லோருக்கும் ஒரே பானை. இந்த வீட்டுச் சோறு, அந்த வீட்டுச் சோறு என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு எங்களுக்கு அறிவு வளரவில்லை.

அங்கிருந்து செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு மூன்று பக்கமும் பாறை. முதல் வருஷம் முழுக்க அழுதேன், பிறகு வேலைக்கே பொழுது சரியாகப் போனதால் அழ நேரமில்லை. என் வீட்டுக்காரர் கலியபெருமாள் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இட்லிக்கடை வைத்திருந்தார். அவர் வைத்திருந்தார் என்பது ஊர்ப்பேச்சு. மாவு அரைத்ததும், அடுப்பு ஊதியதும், அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டத்துக்குக் கூடை கூடையாக வடை சுட்டதும் நான்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சம்பவநாத நைனார் வீடு. சமணக் குடும்பம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வீட்டில் ஒரு பருக்கை உள்ளே போகாது. இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது சோற்றோடு போய்விடும், அந்தப் பாவம் வேண்டாம் என்பது அவர்கள் வழி. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது. மல்லாட்டையும் மண்ணுக்குள்தானே விளைகிறது என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். அது கொட்டை, கிழங்கில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதரிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

நான் வெங்காயம் அரிய உட்கார்ந்தால் அவர் வீட்டு ஜன்னல் சாத்தப்படும். அதற்காகவே நான் ஜன்னல் ஓரமாக அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த நாட்களும் உண்டு.

அவருடைய மருமகள் நீலாஞ்சனா, மேல்சித்தாமூரிலிருந்து வந்த பெண். சுவருக்கு மேலே தலை மட்டும் தெரிய, நானும் அவளும் பேசாத விஷயம் கிடையாது. அவள் என் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவளுடைய முதல் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைவதற்குள் போய்விட்டது. பிரசவ வலியில் துவண்டு கிடந்தபோது, இருட்டிய பிறகு யாரோ வாயில் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். அதனால்தான் குழந்தை போனது என்று அவள் மனசில் விழுந்துவிட்டது. நைனாரே அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியும் அது அவளை விட்டுப் போகவில்லை. இரண்டாவதாக ஒரு பெண் குழந்தை அந்த ஐப்பசியில் பிறந்தது.

ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற வருஷங்கள் அவை. முந்தைய வருஷம் வானம் பொய்த்தது, அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. நாள் கணக்கில்லாமல் பெய்து, ஒரு விடியற்காலையில் ஏரி உடைந்தது. பள்ளத்துத் தெருக்காரர்கள் நாங்கள் எல்லோரும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கோட்டை மேட்டுக்குப் போனோம். காவல்காரர் துரைக்கண்ணு களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். நீலாஞ்சனாவின் புருஷன் அஜிததாஸ் மெட்ராஸில் மாட்டிக்கொண்டிருந்தான், பஸ் எல்லாம் நின்றுபோயிருந்தது. நைனார் குழந்தையை ஒரு முறத்தில் வைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் வந்தார்.

அன்று மத்தியானம் படியில் நின்று வெளியே பார்த்தேன். ஊர் இருந்த இடத்தில் காயல் கிடந்தது. ராஜகிரி மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. புளியமரங்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது, கொக்குகள் அதில் உட்கார்ந்திருந்தன. எல்லோரும் வீடு போச்சே, நிலம் போச்சே என்று கலங்கி நிற்கும்போது எனக்கு மட்டும், சொல்லக் கூடாது, பிறந்த வீடு தேடி வந்துவிட்டது போல இருந்தது. சந்தோஷமாகவே இருந்தது. வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன், பக்கத்தில் நின்றவர்கள் அழுகிறேன் என்று நினைத்துத் தேற்றினார்கள்.

தண்ணீர் வந்துவிட்டது, இனி ஒரே பானைதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வேறு வழியும் இல்லை. காய்ந்த விறகு துரைக்கண்ணு வீட்டில் அடுக்கியிருந்தது மட்டும்தான், ஒரு நாளைக்கு ஒரு தடவை அடுப்பு மூட்டத்தான் காணும். அரிசியும் பருப்பும் நைனார் மண்டிப் பரணிலிருந்து வந்தன. விநாயகம் என்கிற உழவர் வாழைமரத்தை வெட்டித் தெப்பம் கட்டி, அதில் போய் எடுத்து வந்தார். வரும்போது இடுப்புத் துணியில் மூன்று விரால் மீன்களும் கொண்டு வந்தார்.

அங்கேதான் சங்கடம் தொடங்கியது. விரால் அந்தப் பானையில் விழுந்தால் நைனார் வீட்டார் பட்டினி. பெற்று ஒரு மாதம் ஆகாத பெண், பால் கொடுக்கிறவள். கறவை மாடுகளை எல்லாம் முந்தின நாளே வேறு ஊருக்கு ஓட்டிப் போயிருந்தார்கள், களஞ்சியத்தில் பால் கொடுக்கிற தாய் வேறு யாரும் இல்லை. நான் மீனைப் பார்த்தேன். கழுவேலிக்காரி நான், எனக்கு அந்த மீனின் கண்ணே பேசும். வயிற்றெரிச்சலோடு, மீன் வேண்டாம், வெங்காயமும் வேண்டாம், எல்லோருக்கும் பருப்பும் காயும்தான் என்று சொல்லிவிட்டேன். சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களுக்குக் கரண்டியைக் காட்டினேன்.

நைனார் அந்த விராலை வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டார். விநாயகத்துக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா நைனாரே, நீங்க வுட்டதும் நேரா வந்து என் காலைத்தான் கடிக்குது," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏரி உடைந்த பிறகு அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது.

தண்ணீர் எடுப்பது நைனாரின் வேலை ஆயிற்று. வேட்டியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டுவார். வடிகட்டியதும் துணியை எடுத்த இடத்திலேயே மெதுவாக அலசுவார், துணியில் ஒட்டிய உயிர்கள் அவற்றின் வீட்டுக்குப் போகட்டும் என்று. எங்கள் வீடெல்லாம் தண்ணீருக்குள் இருக்கும்போது இவர் புழுவை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இரண்டு நாள் போனதும் நானும் துணியைப் பார்த்துத்தான் அலசினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

இன்னொரு சங்கடம் வானத்தில் இருந்தது. சூரியன் கண்ணில் படவே இல்லை. காலையும் மாலையும் ஒரே சாம்பல் நிறம். நைனாருடைய சங்கிலிக் கடிகாரம் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது, வேறு யாரிடமும் கடிகாரம் கிடையாது. முதல் நாள் மேகம் கொஞ்சம் கறுத்ததும் பொழுது போய்விட்டது என்று நைனார் சொல்லிவிட்டார். நீலாஞ்சனா இலையைத் தொடாமல் எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு வெகுநேரம் வெளிச்சம் இருந்தது. இலையில் போட்ட சோற்றைப் பார்த்துக்கொண்டே நான் நைனாரை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

துரைக்கண்ணுவின் சம்சாரம் பவுனம்மாள்தான் மறுநாள் வழி சொன்னாள். களஞ்சியத்துக்குப் பக்கவாட்டில், இடிந்த மதில்மேல் அவள் பீர்க்கங்கொடி ஏற்றியிருந்தாள். அதைச் சொன்னதும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பீர்க்கம்பூ பகலில் மூடிக் கிடக்கும், பொழுது சாய்கிற நேரத்தில்தான் விரியும். மழைக்காலத்தில் விளக்கேற்ற எங்கள் பெண்கள் எல்லோரும் பார்க்கிற மணி அதுதான். நைனார் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பூவைப் பார்த்து வருவது தன் வேலை என்றும் சொல்லிவிட்டார். பூ விரியவில்லை என்று அவர் வந்து சொன்னால் இலை போடலாம். விரிந்துவிட்டது என்றால் அவர்கள் இரண்டு பேருக்கும் அன்றைய சாப்பாடு முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் நடந்ததா, கனவில் கண்டதா என்று எனக்கே சந்தேகம் வரும். ஒரு அடுப்புதானே, அதனால் நைனார் வீட்டு நேரமே எல்லோருடைய நேரமும் ஆயிற்று. உழவர்களும் வண்டிக்காரர்களும் இட்லிக்கடைக்காரியும் பூவுக்கு முன்னால் சாப்பிட்டு முடித்தோம். நைனார் கொடியிலிருந்து திரும்பி வரும் வழியைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். அவர் தலையசைத்தால் பந்தி அசையும். வளைவுகளுக்குள் புகை மெதுவாகச் சுற்றும், இலையில் பருப்பு விழுகிற ஓசைகூட இரண்டு தடவை கேட்கும். சாப்பிட்டு முடித்துப் படியில் வந்து உட்கார்ந்தால் எதிரே மலைகள் தண்ணீரில் அசைந்துகொண்டிருக்கும். மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றாக மதில்மேல் விரியும். யாரும் அவசரப்பட்டுப் பேச மாட்டார்கள். கழுவேலியில் என் அப்பா படகு தள்ளிக்கொண்டு வருவது என் கண்ணுக்குத் தெரியும், அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வெங்காயம் இல்லாத குழம்பு ருசியாக இருந்தது என்பதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தையின் அழுகை மட்டும்தான் எங்களை உலுக்கும். அழுகிற வரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் ஒருநாள் மழை வலுத்து, விறகு புகைந்து, சோறு வேகத் தாமதமாகிவிட்டது. பானையை இறக்குகிற நேரத்தில் நைனார் கொடியிலிருந்து வந்தார். பூ விரிந்துவிட்டது என்றார். ஒரே ஒரு பூதான், இப்போதுதான் வாய் திறக்கிறது என்று கூடப் போன விநாயகம் கெஞ்சினார். நைனார் அசையவில்லை. அவர் சாப்பிடவில்லை, நீலாஞ்சனாவும் சாப்பிடவில்லை. எனக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் அரிசி தீர்ந்துவிட்டது. காலையில் ஆளுக்கு ஒரு பிடி பொரி இருந்தது. நீலாஞ்சனா அதைத் தின்று தண்ணீர் குடித்தாள். விநாயகம் தெப்பத்தை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனவர் வந்தபாடில்லை, தண்ணீரில் இழுப்பு அதிகமாக இருந்தது. குழந்தை மாரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். மத்தியானத்துக்கு மேல் அதன் அழுகை பூனைக்குட்டி அளவுக்குக் குறைந்துபோயிற்று. நீலாஞ்சனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தைய குழந்தையும் இப்படித்தான் சத்தம் குறைந்து குறைந்து போயிற்று என்று என்னிடம் சொன்னாள்.

நைனார் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். எனக்கு நன்றாகக் கேட்டது.

"சோறு எப்ப வந்தாலும் நீ சாப்புடும்மா. பால் குடுக்கறவ நீ. அந்தப் பாவம் என்னோடது," என்றார்.

அவள் தலையைக் குனிந்தபடியே, "ஒருவாட்டி இருட்டுல குடிச்சித்தான் ஒண்ண வாரிக் குடுத்துட்டேன் மாமா. இன்னொருவாட்டி முடியாது," என்றாள்.

அவர் எழுந்து போய்ப் படியில் நின்றுகொண்டார்.

விநாயகம் அரிசியோடு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. தவளைகள் கத்தத் தொடங்கியிருந்தன. அடுப்பை ஊதி ஊதிக் கண் எரிந்தது. அரிசி வெந்ததும் ஒரு சின்னச் சட்டியில் நீலாஞ்சனாவுக்கு மட்டும் குழைவாக எடுத்துப் பருப்பைக் கடைந்து ஊற்றினேன். எல்லோரும் நைனாரைப் பார்த்தோம். அவர் கொடிப்பக்கம் போனார். வழக்கமாகப் போய்வருவதைவிட அதிக நேரம் ஆயிற்று. இன்றைக்கும் விரிந்துவிட்டது என்று சொல்லட்டும், இந்தக் கரண்டியாலேயே மண்டையில் ஒன்று வைக்கிறேன் என்று நான் நின்றேன்.

நைனார் வந்தார். "இன்னும் விரியல. போடு," என்றார்.

அவரே இலையை எடுத்து நீலாஞ்சனாவின் கையில் கொடுத்தார். அவள் இலையை வாங்கிக்கொண்டு அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். இரண்டாம் கவளத்தில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, பசிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வெளிச்சம் எனக்குத் தெரியும், தவளை எனக்குத் தெரியும். இந்த நேரத்துக்கு எப்படி விரியாமல் இருக்கும் என்று கொடிப்பக்கம் போய்ப் பார்த்தேன். மதில்மேல் இலைதான் இருந்தது. ஒரு பூ இல்லை, ஒரு மொட்டுகூட இல்லை. காம்புகள் எல்லாம் அப்போதுதான் கிள்ளிய ஈரத்தோடு நின்றன. கீழே தண்ணீரில் பார்த்தேன். விரிந்த பூக்கள் மஞ்சள் மஞ்சளாக மிதந்துகொண்டிருந்தன. தண்ணீரின் இழுப்பு அவற்றைக் களஞ்சியத்துப் படியை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்தால் நீலாஞ்சனா அந்தப் படியில்தான் கை கழுவ வருவாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். சின்ன வயசில் கழுவேலியில் நத்தை பொறுக்கிய கை இது. ஒரு பூ விடாமல் பொறுக்கி மடியில் கட்டினேன். செடியில் ஓர் இலையைக்கூட வீணாகக் கிள்ளாத மனிதர், பொழுது சாய்ந்த பிறகு செடியைத் தொடவே கூடாது என்கிறவர், ஒவ்வொன்றாகக் கிள்ளியிருக்கிறார். வாய் தவறியும் பொய் சொல்லாதவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தண்ணீரில் நின்றபடியே அழுதேன், அந்தத் தடவை நிஜமாகவே.

உள்ளே வந்தபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நைனார் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தார், முன்னால் இலை இல்லை. என் மடி ஈரத்தையும் அதன் விளிம்பில் எட்டிப் பார்த்த மஞ்சளையும் அவர் பார்த்துவிட்டார். நான் அவர் பக்கத்தில் போய், இலை போடட்டுமா என்று கேட்டேன்.

எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "எனக்குப் பொழுது போயிடுச்சு, அம்மாக்கண்ணு."

குழந்தை பால் குடித்துத் தூங்கியது. மறுநாள் மேகம் விலகியது, தண்ணீர் வடியத் தொடங்கியது. நைனார் அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் சாப்பிடவில்லை. உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றார். இரண்டாவது பொய். பவுனம்மாள், மழையில் பூவெல்லாம் கொட்டிப்போய்விட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தாள். நான் அவளோடு சேர்ந்து மழையைத் திட்டினேன்.

சித்திரையில் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டினார்கள். நைனார் சுவர் ஓரமாக வந்து நின்று, குடும்பத்தோடு வர வேண்டும் என்று கூப்பிட்டார். களஞ்சியத்தில் பந்தியில் உட்கார்ந்த எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். எத்தனை வருஷம் சுவரைப் பார்த்த வீடு, அன்றைக்குத்தான் அடுப்படி வரைக்கும் போனேன். நீலாஞ்சனா பீர்க்கங்காய்க் கூட்டு கிண்டிக்கொண்டிருந்தாள். நான் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன், அவள் தடுக்கவில்லை.

குழந்தை அவள் இடுப்பில் கொழுகொழுவென்று உட்கார்ந்து என் கம்மலை இழுத்தது. நான் அதன் கையை விடுவித்துக்கொண்டே, கொடி எல்லாம் மறுபடி பூத்துவிட்டது, பவுனம்மாள்தான் இந்தக் காயைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று ஏதோ சொன்னேன்.

நீலாஞ்சனா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"அன்னிக்கி மாமா இலை குடுத்தாரே அக்கா. அவரு விரலெல்லாம் மஞ்சளா இருந்துச்சு. பூந்தூள்."

கரண்டி என் கையில் நின்றுவிட்டது. தெரிந்துமா சாப்பிட்டாய் என்று கேட்டேன்.

"எனக்காகச் செடியில கை வச்சிட்டு வந்து நிக்கிறாரு. அந்தக் கையால குடுத்தத வேணாம்னு சொல்றதுதான் பாவம்னு பட்டுச்சு. சாப்ட்டேன்." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம் அக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சித்தான் நிம்மதியா இருக்காரு."

நான் கூட்டைக் கிளறினேன். கண் எரிந்தது. அந்த அடுப்படியில் வெங்காயம் கிடையாது என்பதால் யார்மீதும் பழி போட முடியவில்லை.

வாசலில் நைனார் தலையை உயர்த்தி மேற்கே பார்த்துவிட்டு, பொழுது இருக்குது, எல்லாரும் உட்காருங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.